சூடாக இருந்த செயின்சா

கிராஞ்சியில் எங்கள் செடிப் பண்ணைக்கு மரம் அறுக்கும் செயின்சா ஒன்று தேவைப்பட்டது. பக்கத்துப் பண்ணையில் வேலை செய்யும் தஞ்சாவூர்த் தம்பி பழையது ஒன்றை விற்பதாகச் சொல்ல, பார்க்கப் போனேன். செயினைப் பார்ப்பதற்கு முன்பே என் புறங்கை இன்ஜின் மேல் போய்விட்டது. சூடாக இருந்தது. பெட்ரோலும் எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

சின்ன வயதில், புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் அந்த வாடைதான். அப்பாவுக்கு மரம் வெட்டும் வேலை. சாயங்காலம் செயின்சாவைச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். அம்மா குனிந்து, எங்கள் நெற்றியைத் தொடுவதுபோல் புறங்கையால் அதைத் தொடுவார். "காய்ச்சல் அடிக்குது" என்றால், அப்பா காப்பிக்கடையில் உட்கார்ந்துவிட்டு வரவில்லை, வேலைக்குத்தான் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

ஒருநாள் பள்ளியிலிருந்து வரும்போது, கார் நிறுத்துமிடத்தில் அப்பா தனியாக நின்று செயின்சாவைச் சும்மா ஓடவிட்டுக்கொண்டிருந்தார். அறுக்க அங்கே எதுவும் இல்லை. நான் வீட்டில் மூச்சு விடவில்லை. அன்றும் அம்மா தொட்டுப் பார்த்தார். பிறகு அப்பா கழற்றிப் போட்ட சட்டையை உதறினார். மரத்தூள் ஒரு துளிகூட விழவில்லை.

"நல்ல காய்ச்சல்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோறு போட்டார்.

"இப்பதான் ஒரு வாட்டி ஓட்டிப் பார்த்தேன்க்கா. ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆயிடும்லா" என்றார் தம்பி.

சூடாக இருந்தால் எந்த இன்ஜினும் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும்.

"ஆறட்டும் தம்பி. அப்புறம் இழுத்துப் பாக்குறேன்."

கவிழ்த்துப் போட்டிருந்த தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவின் மனசு எனக்கு வராது.