வரவேற்பு மேசையில் ஒரு கணித ஆசிரியை

பொற்கொடி காரமடைக்காரர். அப்பா வாழைத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர். அவர்கள் தெருவில் கணிதத்தில் முதுகலை முடித்த முதல் பெண் இவர்தான். 2009 முதல் பல்லடம் சாலையிலுள்ள தனியார் பொறியியல் கல்லூரியொன்றில், முதலிரண்டு ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் எடுத்தார். முக்கிய வினாக்கள் என்று குறித்துக் கொடுக்கமாட்டார். ஒவ்வொருவரையும் பலகைக்கு அழைத்து, இந்த வரி எப்படி வந்தது என்று கேட்பார். தெரியாதவர் தெரியும்வரை நிற்க வேண்டும். மாணவர்கள் திட்டித் தீர்ப்பார்கள். மூன்றாம் ஆண்டில் இயந்திரப் பாடங்கள் தடங்கலின்றிப் புரியும்போது, அவர்களில் சிலர் வந்து வணக்கம் சொல்லிப் போவார்கள்.

2021 கோடையில், புது மாணவர்களைப் பிடித்துவந்து சேர்க்காத ஆசிரியருக்கு வேலை இல்லை என்று தாளாளர் கிருபாசங்கர் அறிவித்தார். பொற்கொடியின் கணவர் அன்புமணிக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ்; கல்லூரியின் காப்பீட்டில்தான் நடந்தது. பொற்கொடி வீடுவீடாகப் போனார். பல்லடத்தில், தறிக்குப் போகும் பாவாத்தாள் தன் மகள் யுவஸ்ரீயைக் காட்டினார்.

"எம்புள்ள கணக்குல மட்டமுங்க. இவளுக்கு இஞ்சினியரிங் வருமுங்களா?"

"கணக்கு நான்தானுங்க எடுக்கறேன். எங்கிட்ட உட்டுப்போடுங்க."

அந்தச் சொல்லை நம்பி யுவஸ்ரீ சேர்ந்தாள்.

கல்லூரி திறப்பதற்குள் பாடத்திட்டம் மாறியிருந்தது. நான்கு கணிதத் தாள்கள் ஒன்றாகி, அதுவும் திரையில் ஓடும் வீடியோ ஆனது. மிச்ச நேரமெல்லாம் செயற்கை நுண்ணறிவுச் சான்றிதழ்களுக்கு. பொற்கொடி போய்க் கேட்டார்.

"ஏனுங் மேடம், நம்ம பசங்க ராக்கெட்டா உடப்போறாங்க?" என்றார் கிருபாசங்கர். "அஸ்திவாரத்தப் பாத்து எவனுங்க ஊடு வாங்கறான்? பெயிண்டத்தான் பாக்கறான். உங்களுக்கு நல்லா பேச வருது. வரவேற்புல உக்காந்துக்குங்க."

பொற்கொடி உட்கார்ந்தார். மதிய இடைவேளையில் யுவஸ்ரீ நோட்டுடன் வருவாள். மேசையோரம் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுப்பார். கோட்டின் சரிவைக் கணக்கிடும் வகைக்கெழு அவளுக்கு மெல்லப் பிடிபடத் தொடங்கியபோது கிருபாசங்கர் பார்த்துவிட்டார்.

"மேடம், இது ட்யூஷன் சென்டராட்டம் இருக்குதுங்களே. காப்பீட்டுப் பேப்பர் வேற எங்கிட்டத்தான் கையெழுத்துக்கு வருது, பாத்துக்குங்க."

மறுநாள் நோட்டுடன் வந்தவளைப் பொற்கொடி நிமிர்ந்து பார்க்கவில்லை. "கிளாசுக்குப் போ கண்ணு" என்றார். பிறகு அவள் வரவில்லை.

நான்காம் ஆண்டில் பம்பு கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வந்தது. தொட்டியில் நீர் ஏறுவதைக் காட்டும் ஒரு கோட்டை வரைந்து, அதன் சரிவு எதைச் சொல்கிறது என்று அதிகாரி கேட்டார். யுவஸ்ரீ கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எல்லாம் நல்லா லேமினேட் பண்ணியிருக்குது அம்மணி" என்றார். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அங்கிருந்து அவள் நேரே வரவேற்பு மேசைக்கு வந்தாள்.

"எங்கம்மாகிட்ட நீங்கதான மேடம் சொன்னீங்க?"

"பாடத்தையே எடுத்துட்டாங்க கண்ணு. நான் என்ன பண்ண?"

"உங்களுக்கு மேசையாவது கெடச்சுதுங்க."

அடுத்த மாதம் வாசலில் பெரிய பேனர் ஏறியது: வேலை பெற்ற எங்கள் மாணவர்கள். அதில் யுவஸ்ரீயின் படமும் இருந்தது. அவளை வேலைக்கு எடுத்தது அதே கல்லூரி, வரவேற்பு மேசைக்கு. வேலை கிடைக்காதவர்களைப் பாதிச் சம்பளத்தில் தானே அமர்த்தி, வேலை பெற்றோர் கணக்கில் சேர்த்துக்கொள்வது அங்கே வழக்கமாகியிருந்தது.

"ஒரு மேசைக்கு ரெண்டு பேர் எதுக்குங்க?" என்றார் கிருபாசங்கர் பொற்கொடியிடம். "உங்க ஸ்டூடன்ட்தானுங்களே, நீங்களே வேல போட்டுக் குடுத்த மாதிரி ஆச்சு. இந்த மாசத்தோட நின்னுக்குங்க."

"காப்பீடுங்க?"

"அதுவும் இந்த மாசத்தோடதானுங்க."

கடைசி நாள், மேசைச் சாவியை யுவஸ்ரீயிடம் கொடுத்துவிட்டுப் பொற்கொடி சாப்பாட்டுப் பையுடன் வாசலுக்கு நடந்தார். அப்போது மகனுடன் ஒரு தாய் மேசைக்கு வந்தார்.

"ஏனுங் அம்மணி, எம்பையன் கணக்குல மட்டமுங்க. இங்க கணக்கு யாருங்க எடுக்கறாங்க?"

"அதோ போறாங்க பாருங்க, அந்த மேடம்தானுங்க" என்றாள் யுவஸ்ரீ, பொற்கொடியின் காதில் விழும்படி. "அவங்ககிட்ட உட்டுப்போடுங்க."

பிறகு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள்.