நாலு இலை ஆரை, மூன்று இலை புளியாரை

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போன பிறகு எங்கள் வீட்டில் பெரிய எதிரி தண்ணீர்தான். வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். நடுவில் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீங்கும், நெஞ்சில் ஏறினால் மூச்சு முட்டும். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல், அதற்கு மேல் ஒரு மடக்குகூடக் கூடாது என்று டயாலிசிஸ் நிலையத்துத் தாதி கறாராகச் சொல்லிவிட்டாள். அந்தப் போத்தலுக்குக் காவல் நான். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்கக் கொதிகலன் பக்கத்தில் நின்ற மனுஷன், போத்தல் மூடியில் ஊற்றி ஊற்றி நாக்கை நனைத்துக்கொள்வார்.

"கொஞ்சம் தண்ணி குடு."

"இன்னைக்குள்ளது முடிஞ்சிருச்சுங்க."

"நாளைக்குள்ளதுல கொஞ்சம் குடேன்."

"அப்ப நாளைக்கு என்ன செய்வீங்க?"

"நாளைக்கு இருந்தா பாத்துக்கலாம் லா."

இதைக் கேட்டால் எனக்கு எங்கிருந்துதான் கோபம் வருமோ, எங்கள் மாசாய் அடுக்குமாடி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவேன். கத்திவிட்டு அடுப்படியில் நின்று அழுவேன். வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்?

லாயாங் லாயாங்கில் இருக்கிற நாத்தனார், அவருடைய அக்கா, ஒரு நாள் போன் செய்தார். "ஆரைக்கீரை குடுத்துப் பாரும்மா. தாகம் அப்படியே அடங்கிரும்னு வீடியோவுல சொல்றாங்க. ஒரு காம்புல நாலு இலை இருக்கும், கூட்டல் குறி போட்ட மாதிரி. ரோட்டோரம் எல்லாம் கெடக்கும்."

தாதியிடம் கேட்டேன். "கீரையே வேணாங்கா, பொட்டாசியம் ஏறிரும்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவளுக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். இரவெல்லாம் உதட்டை நக்கிக்கொண்டு புரள்கிறவர் பக்கத்தில் படுப்பவள் நானல்லவா?

தேடப் போன பிறகுதான் பூமியில் இத்தனை மூன்று இலைச் செடி இருப்பதே தெரிந்தது. கார் நிறுத்துகிற இடத்தில், சாக்கடை ஓரத்தில், பூந்தொட்டியில், எங்கே குனிந்தாலும் மூன்று. செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றினேன். எதைக் காட்டினாலும் அது குளோவர் என்றது. குளோவர் குளிர் நாட்டுப் புல். இலை முட்டை வடிவத்தில் இருக்கும், நடுவே வெளிறிய கோடு ஓடும், பூ வெள்ளையாய்ப் பந்துபோல் நிற்கும். மாசாய் வெயிலில் அது எங்கே முளைக்கும்? நான் பிடித்த படங்களில் ஒன்று புளியாரை. அதன் மூன்று இலையும் இதயம்போல் நடுவில் பிளந்திருக்கும், பூ மஞ்சள், வாயில் வைத்தால் பல் கூசும். இன்னொன்று சிறுபுள்ளடி. இலை நகக்கண் அளவுதான், பூ ஊதா, தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். நாலு இலை மட்டும் கண்ணில் படவே இல்லை.

கடைசியில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உலு திராம் வரைக்கும் போனேன். அங்கே ஒரு கங்கோங் கீரைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளம். அதில் மிதந்தது முழுக்க நாலு இலை. பூவே கிடையாது. முழங்கால் வரை சேற்றில் இறங்கிப் பறித்தேன். பறிக்கிறபோதே சாமியைக் கூப்பிட்டேன், எந்தச் சாமி என்று எனக்கே தெரியாது.

பொட்டாசியம் போகட்டும் என்று இரண்டு தடவை வேகவைத்து நீரை வடித்தேன். உப்பில்லாமல் அவர் சாப்பிட்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடங்குச்சாங்க?"

"அடங்குன மாதிரிதான் இருக்கு" என்றார். சொல்லும்போதே நாக்கு உதட்டைத் தடவியது. எனக்காகச் சொன்ன பொய். அந்த வீடியோக்காரன் கையில் கிடைத்திருந்தால் அந்தக் கீரைச் சட்டியை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

ஆனால் சில நாளில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. சாயங்காலம் கீழே நடந்துவிட்டு வருகிறேன் என்று போவார். திரும்பி வந்தால் தண்ணீர் கேட்டு நச்சரிப்பதில்லை. கீரை தாமதமாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். நாத்தனாருக்குப் போன் போட்டு நன்றிகூடச் சொன்னேன், பைத்தியக்காரி.

துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் வாடிய காம்புகள் கையில் சிக்கின. மூன்று இலை, மஞ்சள் பூ. ஆரை என்று நினைத்துப் புளியாரையைப் பறித்துத் தின்கிறார் என்று பதறி, மறுநாள் தாதியிடம் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. "அக்கா, பிளிம்பிங், அந்த நட்சத்திரப் பழம், தொடவே கூடாதுன்னு சொன்னோம்ல? இது அதே குடும்பம். இதுல இருக்கிற புளிப்பு வெளியே போகாது, உள்ளயே தங்கிரும். சாருக்கு இது விஷம்."

வீட்டுக்கு வந்ததும் காம்பை அவர் முன்னால் போட்டேன்.

"இது ஆரை இல்லைங்க. எண்ணிப் பாருங்க, மூணு இலைதான் இருக்கு."

"எஸ்டேட்ல பொறந்தவனுக்கு நீ சொல்லித் தரியா? புளியாரைன்னு தெரிஞ்சுதான் பறிச்சேன்."

"தெரிஞ்சுமா?"

"மென்னா வாயில தண்ணி ஊறுது. அது உன் போத்தல் தண்ணி இல்ல, என் தண்ணி. அதையுமா அளக்கப் போற?"

கத்துவதற்குக்கூடத் தெம்பில்லை. விஷமென்று தாதி சொன்னதைச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கீழே இறங்கிக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தேன். சாக்கடை ஓரம், தொட்டி, படிக்கட்டு இடுக்கு, ஒன்று விடவில்லை. சிறுபுள்ளடியையும் சேர்த்தே பிடுங்கினேன், அதன்மேல் என்ன குற்றம் என்று யோசிக்கவில்லை. வெயில் ஏறியது. அவர் மாடி வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. அவர் உயிரோடு இருக்க வேண்டும், எனக்கு அது போதும் என்று முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கினேன்.

மேலே வந்தபோது தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. அவர் கூடத்தில் இருந்தார். அவர் கண்முன் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சத்தம் வரக்கூடாதென்று குழாயை நூல்போல் திறந்து, கையில் ஏந்திக் குடித்தேன். குடிக்கக் குடிக்க இன்னும் வேண்டியிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"நல்லாக் குடிச்சியா?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபமே இல்லை.