குமாரசாமி அண்ணனின் காது

மாஸ்டரிடமிருந்து போன் வந்தபோது பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். ஒத்திகை நேரம் மாறியிருக்கும் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கரண்டியை அவள் வாய்க்குக் கொண்டுபோனேன். "குமாரசாமி தவறிட்டார்மா" என்றார். பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாராம். சொம்பு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தாறு வயது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்றுதான் தோன்றியது. பாப்பா வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தாள் வைகாசி மாத நாமக்கல் கச்சேரிக்கு வருகிறவர்களின் கையில் இருக்கும். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாண பேண்டுக்காரர்கள், சர்ச்சில் வாசிப்பவர்கள், திருவிழா மேடைக்காரர்கள் என்று பதினாறு பேர் சேர்ந்து, சேலத்தில் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்து ஜாஸ் வாசிக்கிறோம். தை முதல் வைகாசி வரை மாதம் ஒரு கச்சேரி. ஒவ்வொன்றுக்கும் வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். மாஸ்டர் என்பவர் எங்களை நடத்தும் பள்ளிக்கூட இசை ஆசிரியர். நான் கீபோர்டு. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த குமாரசாமி அண்ணன் சாக்ஸபோன்.

"அவரைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடும்மா" என்றார் மாஸ்டர். "காது மங்கின பிறகும் விடாம வாசிச்சார்னு ஒரு வரி போட்டுடு. படிக்கிறவங்க மனசத் தொடும்."

அந்த ஒரு வரியைத்தான் என்னால் எழுத முடியவில்லை. அவருடைய காது மங்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் பயந்து விட்டுவிடுவேன். மாசி மாதக் கச்சேரியில் தவறியது அவர் அல்ல. நான்.

அவருடைய காதைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் என் கீபோர்டு ஸ்டாண்டின் கால் ஒடிந்து, பற்றவைக்க அவர் பட்டறைக்குப் போயிருந்தேன். நாலு பக்கமும் தகரம் அடிக்கிற சத்தம். எனக்கு நான் பேசுவதே கேட்கவில்லை. அவர் ஒரு புது லாரியின் பக்கவாட்டுத் தகட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்தார். பாதி தூரத்தில் நின்று திரும்பி வந்தார். தகட்டை இறுக்கும் ஒரு ரிவிட் ஆணி மேல் விரலை வைத்து, "இது மட்டும் வேற பேசுது" என்றார். கழற்றிப் பார்த்தால் உள்ளே விரிசல். அத்தனை இரைச்சலில், அத்தனை ரிவிட்டுகளில் ஒன்று. காது மங்கியவர் செய்கிற காரியமா அது?

ஜாஸ் என்றால் என்ன என்று என் கணவர் ஒருநாள் அவரிடம் கேட்டார். இவருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை, வருஷத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார். அண்ணன் யோசிக்கவே இல்லை. "எழுதி வெச்சத வாசிக்கறது லோடு ஏத்தற மாதிரிங்க மாப்ள. அவங்கவங்க முறை வாரப்ப எழுதாதத வாசிக்கோணும் பாருங்க, அதுதான் வண்டி ஓட்டறது." தன் முறைக்காக அவர் மாதம் முழுக்கக் காத்திருப்பார். பதினாறு பேர் நடுவில் அந்த ஒன்றரை நிமிஷம் அவருடையது.

பாப்பா பிறந்து ஆறாவது மாதம் நான் ஒத்திகைக்குத் திரும்பினேன். மாஸ்டர் தயங்கினார். கெட்ட மனுஷர் இல்லை. "கைக்குழந்தைய வெச்சுக்கிட்டுக் கவனம் இருக்குமாம்மா? இந்த சீசன் போகட்டுமே. ஆத்தூர்ப் பக்கம் ஒரு கீபோர்டுக்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்றார். சாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிராமலே, "புள்ள பெத்தா வெரலா மறந்துரும் மாஸ்டர்? எங்கூட்டுக்காரி ரெண்டு பெத்துப்போட்டும் என்னையத் திட்டறத மறக்கலையே" என்றார். கூடமே சிரித்தது. மாஸ்டரும் சிரித்து, சரி என்றார். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு தப்பு நடந்தால் போதும், நான் வீட்டுக்குப் போய்விடலாம்.

மாசிக் கச்சேரி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. விருந்தாளிகள் இரண்டு பேர். ஒரு பாடகி, ஒரு டிரம்பெட்காரர். பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தது. மேடையேறும் முன்பு, "சுருதியை அரைக் கட்டை குறைச்சுக்கலாமா?" என்று கேட்டார். கீபோர்டில் அதற்கு ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால், நாம் வழக்கமான இடத்திலேயே வாசிக்கலாம், சத்தம் மட்டும் அரைக் கட்டை இறங்கி வரும். கீபோர்டுத் திரையின் மூலையில் '-1' என்று தெரியும். பாட்டு முடிந்ததும் மறுபடி அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். கீபோர்டு வாசிக்கிற எவருக்கும் இது கை தானாகச் செய்கிற வேலை.

அழுத்தினேன், பாடகி பாடி முடித்தார், கைதட்டல் நடந்துகொண்டிருந்தது. மடியில் போன் அதிர்ந்தது. ஆட்டையாம்பட்டி வீட்டில் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை. 'புள்ளைக்கு மேலு சுடுது. பால் குடிக்க மாட்டீங்கிறா.' எத்தனை டிகிரி என்று போடவில்லை. அலமாரியில் தெர்மாமீட்டர் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அத்தைக்குச் சொன்னேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டே அடுத்த உருப்படியைத் தொடங்கிவிட்டேன். முதலில் கீபோர்டு மட்டும். பிறகு அண்ணனுடைய முறை. அதற்குப் பிறகு டிரம்பெட் விருந்தாளி உள்ளே வருவார்.

அண்ணன் ஊதினார். சாக்ஸும் கீபோர்டும் மோதின. கேட்டவர்களுக்கு மறந்திருக்காது, பல் கூசுகிற சத்தம். என் கை நிற்காமல் வாசித்துக்கொண்டே இருந்தது. என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நேராக என்னைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்குக்குப் போனார்.

"மன்னிக்கோணுங்க. நம்மூரு வெயில்ல சாக்ஸு மேல ஏறிப்போச்சுங்க. ஒரு நிமிசம்."

சபை சிரித்தது. அவர் என் பக்கம் நடந்து வந்து, "அம்மிணி, ஒரு ஸா குடு" என்று சுருதி சேர்ப்பவர் போலக் குனிந்தார். அவருடைய விரல் அந்தப் பட்டனை அழுத்தியது. திரையில் பூஜ்யம் வந்தது. அப்போதுதான் நான் பார்த்தேன். அவர் திரும்பிப் போய் மறுபடியும் தொடங்கினார். அன்று வாசித்தது போல அவர் அதற்கு முன்பு வாசித்துக் கேட்டதில்லை. ஆனால் யாருக்கும் அது நினைவில் நிற்கவில்லை. பக்கவாட்டில் மாஸ்டரோடு நின்றிருந்த டிரம்பெட் விருந்தாளி பிறகு சொன்னாராம்: "வெயிலுக்கு அரைக் கட்டையெல்லாம் ஏறாது சார். பட்டறைக்காரர்தானே, காது போயிருக்கும்."

திரும்பும்போது கீபோர்டையும் என்னையும் அண்ணன் ஏற்றிக்கொண்டார். புதிதாக பாடி கட்டிய லாரியை ஓட்டிப் பார்க்கிற சாக்கில் அதிலேயே கச்சேரிக்கு வந்திருந்தார். கேபின் முழுக்க பெயிண்ட் வாசனை. நான் அழுதுகொண்டே, "மாஸ்டர்கிட்டச் சொல்லிடறனுங்ண்ணா" என்றேன்.

"மொதல்ல ஊட்டுக்குப் போன் போடு. புள்ளைக்கு எப்படி இருக்குதுன்னு கேளு."

போட்டேன். மருந்து கொடுத்துச் சூடு குறைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் பேசினார். "உன் தப்புன்னு தெரிஞ்சா, 'புள்ளக்காரி, அதான்'னு சொல்லுவாங்க. என் தப்புன்னா வெயிலு. வெயிலோட போகட்டும் உடு."

போகவில்லை. பங்குனியில் அவரைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவருடைய முறை வாழப்பாடியிலிருந்து வந்த இன்னொருவருக்குப் போனது. அந்த வாரம்தான் அண்ணன் ஒத்திகைக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் கொண்டுவந்தார். லாரிக்குப் பின்னால் ஒட்டுவார்களே, வெளிச்சம் பட்டால் மின்னுவது, அதில் நகமளவு வெட்டி என் கீபோர்டில் அந்தப் பட்டனுக்குப் பக்கத்தில் ஒட்டினார். "இனி உங்கண்ணு தப்பாது" என்றார். அவ்வளவுதான். யாருக்கும் என்னவென்று புரியவில்லை.

சித்திரையில் பட்டியலில் அவர் பெயரே இல்லை. ஓய்வெடுக்கட்டும் என்றார்கள். அவர் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். மேடையிலிருந்து எனக்குத் தெரிந்தது, அவருடைய விரல்கள் முழங்கால் மேல் அசைந்துகொண்டே இருந்தன. முடிந்ததும் போய் நின்றேன். "நல்லா வாசிச்ச அம்மிணி. ரெண்டாவதுல கொஞ்சம் ஓடிட்ட" என்றார். இப்போதாவது சொல்லிவிடுகிறேன் என்றேன். முதல் தடவையாக அவர் குரல் மாறியது.

"இப்பச் சொன்னா, அப்ப ஏஞ் சொல்லலைன்னு கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் அசிங்கம்." காலி நாற்காலிகளைப் பார்த்தார். "நாமக்கல்லுக்கு மட்டும் எப்படியாச்சும் வாசிச்சுப்போடணும். நம்மூரு பாரு. எல்லார்த்தையும் வரச் சொல்லியிருக்கறேன்."

அன்றைக்கே மாஸ்டரிடம் போயிருக்க வேண்டும். அடுத்த ஒத்திகையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அந்த வாரம் பாப்பாவுக்குத் தடுப்பூசி. அடுத்த வாரம் பல் முளைத்து வயிற்றுப்போக்கு. காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் போனில் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. நான் பயந்தேன், அதுதான் விஷயம். நாமக்கல் கச்சேரிக்குப் பதினொரு நாள் இருக்கும்போது அவர் போய்விட்டார்.

துக்கத்துக்குப் போனபோது அண்ணனின் மனைவி சரசு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "காது மந்தமாயிருச்சுன்னு உள்ளுக்குள்ளயே வெச்சிருந்துட்டாரு சாமி" என்றார். தன் மனைவியிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. சுற்றிலும் ஆட்கள். நான் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். மூன்றாம் நாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் போனேன். அக்கா அவருடைய பட்டறைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பட்டன், போன், சிவப்பு ஸ்டிக்கர் எல்லாம்.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

"டிவிச் சத்தத்தக் கூட்டி வெச்சுப்போட்டு, 'கேக்குதுங்களா'ன்னு நானே கேலி பண்ணுவேன். 'கேக்குது கேக்குது'ன்னு சிரிப்பாரு." அடுத்த சட்டையை எடுத்தார். "தெரிஞ்சிருந்தா நாங் கேலி பண்ணிருக்க மாட்டனே. அவரு சொல்ல மாட்டாரு, அவரு கொணம் அது. நீ சொல்லியிருக்கலாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாப்பா தவழ்ந்து போய் ஒரு சட்டையின் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். அக்கா தடுக்கவில்லை. மடித்த சட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, "அவரப் பத்தி எழுதறயாமா?" என்றார்.

"ஆமாங்க்கா."

"எழுது. நாமக்கல்ல அவரு வரச் சொன்ன சனம் அத்தனையும் வரும். எல்லார்த்துக்கும் குடு. நானும் வாரேன். முன்னால உக்காந்து பாக்கறேன்."

என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாஸ்டர், இதை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். வெட்டாமல் அச்சடியுங்கள். படித்த பிறகு கீபோர்டுக்கு ஆத்தூர்க்காரரைக் கூப்பிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நான் தவறியது பிள்ளை பெற்றதனால் அல்ல, ஒரு பட்டனை மறந்ததனால். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தது, அதுவும் பிள்ளையால் அல்ல. அண்ணன் எனக்காக எதை மறைத்தாரோ அதை நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது நகமளவு சிவப்பு ஸ்டிக்கர். வீட்டில் டியூப்லைட் போட்டால் மின்னுகிறது. பாப்பா அதைச் சுரண்டப் பார்க்கிறாள், கையைத் தட்டிவிடுகிறேன். கீபோர்டு என்னுடையது, மேடையில் இருந்தாலும் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தாலும் ஸ்டிக்கர் அதிலேயே இருக்கும். வைகாசிக் கச்சேரியில் உட்கார விட்டால், முதலில் அதைப் பார்ப்பேன், பிறகு பூஜ்யத்தைப் பார்ப்பேன். அதன் பிறகு, அன்றைக்கு அவர் போனது போல மைக்குக்குப் போய், முன்வரிசையில் இருக்கும் சரசு அக்காவைப் பார்த்துச் சொல்வேன். உட்கார விடாவிட்டால், இங்கேயே படித்துக்கொள்ளுங்கள்:

மாசி மாதம் சாக்ஸ் ஏறவில்லை. கீபோர்டுதான் அரைக் கட்டை இறங்கியிருந்தது. அன்று அந்த மேடையில் சரியாகக் கேட்டவர் குமாரசாமி அண்ணன் ஒருவர்தான்.