திருப்பாத அம்பு

"நான் பண்ணது தப்பு" என்று எங்கள் அண்ணி சொல்லி நான் கேட்டதே இல்லை. அண்ணனுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் ஒரு முறைகூட இல்லை. ஒரு நாள் சொன்னார், அதுவும் நாற்பது பேர் முன்னால்.

அண்ணி கட்டடக் கலைஞர். வயது ஐம்பத்திரண்டு. அந்தத் தொழிலில் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு இருபது மணி நேரம் புதிதாக எதையாவது படித்துக் காட்ட வேண்டும். அவர் அலுவலகத்தில் ஒரு கணினியில் பாடத்தை ஓடவிட்டுவிட்டு, டீ குடிக்கப் போகிறவர் வருகிறவரெல்லாம் 'அடுத்தது' என்ற பொத்தானைத் தட்டிவிட்டுப் போவார்கள். ஆறு பேருக்கும் சான்றிதழ் வந்துவிடும். அண்ணியும் வருடக்கணக்கில் இப்படித்தான் படித்துக் கிழித்தார்.

இந்த வருடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. சுற்றுச்சூழலைக் கெடுக்காத கட்டட வடிவமைப்பு என்று எட்டுச் சனிக்கிழமை நேரடி வகுப்பு வைத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு பயிற்சி: தான் வரைந்த கட்டடம் ஒன்றில் வெப்பமானியோடு முழு நாள் உட்கார்ந்து பார்த்து, கண்டதை வகுப்பில் சொல்ல வேண்டும். ஆட்கள் புழங்கத் தொடங்கிய பிறகு எட்டிப் பார்க்கிற வழக்கம் இந்தத் தொழில்காரர்களுக்குக் கிடையாது. போட்டோ எடுக்கப் போவார்கள், அதுவும் மேசை நாற்காலி வருவதற்கு முன்னால்.

அண்ணி எங்கள் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தார். அவர் வரைந்ததிலேயே பேர் வாங்கிக் கொடுத்த கட்டடம் அது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கட்டடம் என்று வாசலில் பித்தளைப் பலகையே தொங்குகிறது. அதன் மாடியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவது நான்.

மிச்சமாவது மண்ணாவது! மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆளுயர ஜன்னல்கள் வழியாக வெயில் முகத்தில் அறையும். பிள்ளைகள் பழைய சார்ட் தாள்களை ஒட்டிக் கண்ணாடியை மூடியிருந்தார்கள். அதனால் பட்டப்பகலில் விளக்கு எரியும். ஏழு வருடமாகச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

"அது வடக்குப் பாத்த ஜன்னல். வெயில் வராது. சாயங்காலம் லேசா சாஞ்சு வரும், அவ்வளவுதான். உனக்கு எதை எடுத்தாலும் குறை" என்பார் அண்ணி.

"சூரியன் அந்தப் பக்கம்தான் அண்ணி மறையுது!"

"பிளான் போட்டது நீயா, நானா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பயிற்சிக்கு வந்த அன்று காலையிலிருந்து அண்ணி கடைசி பெஞ்சில் வெப்பமானியும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளிடம் சொல்லி ஜன்னல் தாள்களை எடுக்கச் செய்திருந்தார். இரண்டரை மணிக்கு வெயில் நேராக அவர் நோட்டில் விழுந்தது. செல்போனில் திசைகாட்டியைத் திறந்தார். அது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து இரண்டு தட்டு தட்டினார். பிறகு எழுந்து வெளியே போனவர் நெடுநேரம் வரவில்லை.

நடந்தது இதுதான். அவர்கள் அலுவலகத்து வரைபடத் தாளில் வடக்கைக் காட்டும் அம்பு முன்கூட்டியே இருக்கும். மனைக்குத் தகுந்தாற்போல் அதைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வாசல் சாலைப் பக்கம் வரட்டும் என்று பள்ளி நிர்வாகம் கேட்டதால் அண்ணி கட்டடத்தைக் கால் வட்டம் திருப்பினார். அம்பைத் திருப்ப மறந்துவிட்டார். வெயில் கணக்கு, ஜன்னல் அளவு, பித்தளைப் பலகை எல்லாம் அந்த அம்பை நம்பி வந்தவை.

"ஏழு வருஷமா தலைபாடா அடிச்சுக்கிட்டேனே அண்ணி!" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அடிச்சுக்கிட்ட. நான் அம்பைப் பாத்தேன், உன்னைப் பாக்கல."

மறுநாள் முதலாளியிடம் சொன்னார். அவர் பதறவில்லை, கமுக்கமாக வழி சொன்னார். "வேற கட்டடத்தைக் காட்டிடுங்க மேடம். இதைச் சொன்னா அந்தப் பலகையைத் திருப்பித் தரணும், கம்பெனி பேர் நாறிடும். மீறிச் சொன்னீங்கன்னா திங்கக்கிழமை நீங்க வர வேண்டியதில்ல."

வீட்டில் அண்ணனும் அதையே பாடினான். "ரிட்டையராக இன்னும் ஆறு வருஷம். வாயை மூடிக்கிட்டு ஓட்டிடேன்."

"இருபத்தாறு வருஷமா என் வாயை மூட முடியாத ஆளு இன்னிக்குத்தான் முயற்சி பண்றீங்க" என்றார் அண்ணி.

கடைசிச் சனிக்கிழமை என்னையும் கூட்டிப் போனார். நாற்பது கட்டடக் கலைஞர்கள். முதலாளிக்கும் அந்த இருபது மணி நேரம் வேண்டுமே, இரண்டாம் வரிசையில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். அண்ணி வரைபடத்தைத் திரையில் போட்டார்.

"மூணு மணிக்கு வெளிய முப்பத்தஞ்சு டிகிரி, வகுப்புக்குள்ள முப்பத்தெட்டு. இந்த அம்பைத் திருப்பாம விட்டது நான். நான் பண்ணது தப்பு."

முதலாளி எழுந்தார். "இது கம்பெனி டிராயிங். வெளிய காட்ட உங்களுக்கு உரிமை இல்ல!"

"சரி சார். டிராயிங் உங்களுது. உள்ள உக்காந்திருக்கிற பிள்ளைங்க வேர்வை யாரோடது? அதையும் வாங்கிக்கோங்க."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் மெதுவாக மடிக்கணினியைத் திறந்தார். பக்கத்தில் இருந்தவரும் திறந்தார். எட்டிப் பார்த்தேன். தங்கள் பழைய வரைபடங்களில் அம்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அண்ணிக்கு வேலை இல்லை. நடந்தது வெறும் எழுத்துப் பிழைதான் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் திரும்பி வரலாம் என்று ஆள் அனுப்பினார்கள். அண்ணி அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே என் வகுப்பு ஜன்னல்களுக்கு வெயில் தடுக்கும் வெளிமறைப்பு வரைந்தார். அதைத் தூக்கிக்கொண்டு பள்ளி நிர்வாகத்திடம் நான்கு முறை நடந்து, சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ஜன்னல்களுக்கு வெளியே நெட்டுக்குத்தாகப் பலகைகள் நின்றன. அண்ணி வந்து அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டரை ஆயிற்று. நோட்டில் வெயில் விழவில்லை. விளக்கு போடாமலே பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப சொல்லு, என்ன குறை?" என்றார்.

"காத்து கொஞ்சம் கம்மியா இருக்கு அண்ணி."

முறைப்பார் என்று நினைத்தேன். பேனாவைத் திறந்தார்.

"எத்தனை மணிக்கு?"