இரண்டு சீலும் ஒரே பக்கம்

என் வீட்டுக்காரரைக் குடிகாரன் என்று சொன்னவனை நான் மன்னிக்கவில்லை. என்னைத் திருடி என்றும் சொன்னான். அதையும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் நல்ல மனசை எதிர்பார்க்க வேண்டாம்.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் பாகங்கள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. அச்சிலிருந்து சூடாக வரும் ஆயில் சீல்களின் பிசிறை பிளேடால் சீவ வேண்டும், உதட்டை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உதடு என்றால், சுழலும் தண்டைக் கவ்விப் பிடித்து ஆயில் கசியாமல் அடைக்கிற உள்விளிம்பு. அதில் முடியளவு கீறல் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவேன். வீட்டுக்காரர் செம்பரம்பாக்கம் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரிடம் படகு ஓட்டினார். ஃபைபர் படகு, பின்னால் மாட்டிய மோட்டார். அந்த மோட்டாரில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற கீழ்ப்பகுதியைக் கால் என்போம். காலுக்குள் கியர், கியரைச் சுற்றி ஆயில், வெளியே விசிறி.

ஒரு நாள் விசிறித் தண்டில் நைலான் நரம்பில் பின்னிய தங்கூசி வலை சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிட்டது. குமணன்சாவடியில் லாரி வேலை பார்க்கும் மெக்கானிக்கைக் குத்தகைக்காரர் கூப்பிட்டார். அதே அளவு சீல் எங்கள் கம்பெனியில் இருந்தது. நானே இரண்டு பொறுக்கி எடுத்து, ரசீது போட்டு வாங்கிக் கொடுத்தேன். மெக்கானிக் மாட்டினான். ஒரு மாதம்கூடப் போகவில்லை, கால் உறுமத் தொடங்கியது. அடி ஸ்க்ரூவைக் கழற்றினால் ஆயில் பால் டீ மாதிரி இறங்கியதாம். தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

வலைக்காரர்கள் எல்லோரும் நிற்க, மெக்கானிக் சொன்னானாம்: “நான் இன்னா பண்றது மொதலாளி? இவன் குட்ச்சிட்டுக் கல்லு மேல உட்டுகீறான். சீலு வேற, இவன் சம்சாரம் கம்பெனில சுட்டுகினு வந்த கயிவு மாலு.”

குத்தகைக்காரர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் காலைச் சரிபண்ணிக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் படகுச் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இதையெல்லாம் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், ஏதோ பஸ் லேட் என்பது மாதிரி. கல்யாண வீட்டில்கூடச் சோடாவோடு நிறுத்திக்கொள்கிற மனிதர்!

“நீ இன்னா சொன்னே?” என்றேன்.

“இன்னாத்த சொல்றது?” என்றார்.

அந்தப் பேச்சு எங்கள் சூப்பர்வைசர் காதுக்குப் போனால் என் வேலையும் போச்சு. அது கிடக்கட்டும், நான் பார்த்து அனுப்பிய சீலைக் கழிவு என்று சொல்ல அவனுக்கு என்ன நெஞ்சழுத்தம்!

மோட்டார் காலைக் கழற்றிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய் வந்தோம். அன்றைக்குப் பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. காதில் விழுந்தது, அவ்வளவுதான். வந்ததும் வாசலில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தோம். விசிறியைக் கழற்றினார். ஓரத்தில் ஒரு சொட்டை இல்லை. கல்லில் மோதிய விசிறியா அது? கியர் பற்களும் முழுசாக இருந்தன. ஒரு பேரிங் மட்டும் துருப் பிடித்திருந்தது. பிறகு சீல் உட்காரும் வளையத்தை என்னிடம் நீட்டினார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாவி, இரண்டு சீலையும் உள்பக்கம் பார்த்து மாட்டியிருந்தான்! லாரிக்கு அது சரி. அங்கே ஆயில் வெளியே போகாமல் இருந்தால் போதும். இது தண்ணீரில் முழுகி ஓடுகிற சாமான். உள் சீலின் உதடு ஆயிலைப் பார்க்க வேண்டும், வெளிச் சீலின் உதடு தண்ணீரைப் பார்க்க வேண்டும். இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும்.

“போய் சொல்லிடலாம்” என்றார்.

“நீ சும்மா இரு. அவன் கையாலயே காட்ட வெக்கிறேன்.”

புது பேரிங் போட்டோம். புது சீல் இரண்டை முறைப்படி நானே அழுத்தி உட்கார வைத்தேன். கோந்து பாட்டில் ஒன்றைக் கழுவி ஆயில் ஊற்றி, காலை நிமிர்த்தி, அடி ஓட்டையில் மூக்கைச் செருகி அமுக்கினேன். மேல் ஓட்டையில் குமிழி அடங்கி ஆயில் வழிந்ததும் முதலில் மேல் ஸ்க்ரூவை மூடினார், பிறகு கீழ் ஸ்க்ரூவை. நான் அதோடு நிற்கவில்லை. எஸ்டேட் லேத் பட்டறை ஒன்றில் அதே அளவில் இன்னொரு வளையம் கடைந்து வாங்கினேன். முதல் தடவை வாங்கிய ரசீதையும் தேடி எடுத்தேன்.

தவணை முடிகிற நாளில் லீவு போட்டு நானும் ஏரிக்குப் போனேன். மெக்கானிக்கும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் படகை ஓட்டிவிட்டு வந்து எல்லோர் முன்னாலும் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தினார். ஆயில் தேன் நிறத்தில் இறங்கியது. நான் பையிலிருந்து லேத் வளையத்தையும் அந்தப் பழைய சீல்களையும் எடுத்தேன்.

“அண்ணாத்தே, அன்னிக்கி எப்டி மாட்னியோ அப்டியே மாட்டிக் காட்டு” என்றேன், குழைந்து.

“இதுல இன்னா தங்கச்சி கீது? இருவது வர்சமா மாட்டிகினு கீறேன்” என்று கட்டைவிரலால் இரண்டையும் அழுத்தினான். இரண்டு உதடும் உள்ளே பார்த்தன.

“சரி, ஆயில் வெளிய போவாது. தண்ணி உள்ள வராம எது தடுக்கும்?”

வளையத்தைத் திருப்பிப் பார்த்தான். மறுபடி திருப்பினான். “ஆமாப்பா, எது?” என்று வலைக்காரர் ஒருவர் கேட்டார். குத்தகைக்காரர் சாவியை என் வீட்டுக்காரரிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கையசைத்தார். “தெரியாம பேசிட்டேன்” என்று மெக்கானிக் முனகினான்.

எனக்குப் போதவில்லை. ரசீதை அவன் கையில் வைத்தேன்.

“சுட்டுகினு வந்த மாலுன்னியே. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி.”

அவனுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அது தெரியும். அவனுக்கு வரும் கடிதங்களை என் வீட்டுக்காரரிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொல்வான். அதற்காகத்தான் ரசீதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். நான் ஆசை தீரப் பார்த்தேன்.

அப்போது என் வீட்டுக்காரர் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“கண்ணாடி எட்த்துகினு வரலியா மாமே? குடு” என்று ரசீதை வாங்கினார். கம்பெனி பேரிலிருந்து கையெழுத்து வரைக்கும் சத்தமாகப் படித்தார், அவனுக்குக் கடிதம் படித்துக் காட்டுகிற அதே குரலில். நான் ஒரு வாரம் பாடுபட்டுத் தீர்க்க வந்த பழியை அரை நிமிஷத்தில் கெடுத்துவிட்டார் மனுஷன்.

திரும்புகிற பஸ்ஸில் நிறைய இடம் இருந்தது. நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.