தகர வீட்டின் சாவிக்காரர்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. ஒன்பது தெருவிலும் அவர் சாவி மாமா. இடுப்பில் ஒரு வளையம், வளையத்தில் ஒன்பது சாவி, தெருவுக்கு ஒன்று. ஆள் கண்ணில் படுவதற்கு முன்னால் சத்தம் காதில் விழுந்துவிடும். பூனைக்கு மணி கட்டிய கதைதான். ஆனால் இந்தப் பூனையின் மணி கேட்டால் எலிகள் வாசலுக்கு ஓடி வரும்.

வேலை இதுதான். ஒரு சேமிப்பு அலுவலகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தகர உண்டியல் கொடுத்தது. சின்ன வீடு மாதிரி இருக்கும். சிவப்புக் கூரை, பெயின்டில் வரைந்த சன்னல், புகைபோக்கியில் காசு போடும் துளை. உண்டியல் பிள்ளையிடம் இருக்கும், சாவி அலுவலகத்திடம் இருக்கும். மாசக் கடைசியில் சாவி மாமா வீடு வீடாகப் போய், பிள்ளையின் கண்முன்னால் திறந்து, எண்ணி, ஒரு நீலப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, காசைப் பையில் கட்டிக்கொண்டு போய் அலுவலகத்தில் சேர்ப்பார்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது மண் உண்டியல்தான். அவருடையது பூசணிக்காய் மாதிரி இருந்தது. ரெண்டு வருஷம் போட்டு வந்தார். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் ஓடு ஓடாகக் கிடக்கிறது. அப்பாவின் செருப்பில் செம்மண், வாயில் வாடை. "வேற வாங்கித் தர்றேன்டா" என்றார் அப்பா. உண்டியலைச் சொன்னாரா, காசைச் சொன்னாரா தெரியாது. ரெண்டும் வரவில்லை.

அதனால்தான் தகர உண்டியலை முதல்முதலாகக் கையில் வாங்கியபோது மனுஷன் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். உள்பக்கம் மீன்முள் மாதிரி வளைந்த தகரப் பற்கள். காசு உள்ளே போகும், திரும்பி வராது. கவிழ்த்துக் குலுக்கினாலும் வராது, கத்தியை விட்டு நெம்பினாலும் வராது. விரலில் ரத்தம் வந்தது, முகத்தில் சிரிப்பு வந்தது.

"எந்த அப்பனாலயும் இதைத் திறக்க முடியாது" என்று மனைவியிடம் காட்டினார்.

"அப்பனை விடுங்க. மத்த திருடங்க?"

"அவங்ககிட்ட சாவி இல்லையே."

பத்தொன்பது வருஷம் அந்த ஒரு நம்பிக்கையில் நடந்தார். பிள்ளைகள் செய்யும் தகிடுதத்தம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஹேர்பின் விடுவது, குச்சியில் பசை தடவி விடுவது, கூரையில் கல்லால் தட்டுவது. இதில் ஒன்பதாம் தெருப் பிள்ளைகள் கைதேர்ந்தவர்கள். அந்தத் தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார். அவர் கடை வாசலில் பொறுக்கிய பட்டன்களை உண்டியலில் போட்டுவிட்டு, காசை மிட்டாய்க் கடையில் போட்டுவிடுவார்கள். திறந்தால் பத்துக் காசும் நாற்பது பட்டனும் இருக்கும். ஒரு தடவை ஒரு வண்டு இருந்தது, உயிரோடு. சாவி மாமா திட்ட மாட்டார். பட்டனையும் ஒவ்வொன்றாக எண்ணி, "பட்டன் நாப்பது, சரியாப் பாத்துக்க" என்று பிள்ளையின் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். அந்த வண்டுக்கும் ரசீது கேட்டான் ஒருவன். கொடுத்தார்.

எட்டாம் தெரு அப்படியில்லை. அங்கே இஸ்திரி போடும் அம்மாவுக்கு ஒரே பெண். ஐந்தாவது படித்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் கரும்பலகை அவளுக்கு வெறும் கறுப்புதான். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவாள், அவள் தப்பாக எழுதினால் இவளும் தப்பு. கண்ணாடி வாங்கக் காசு சேர்த்தாள். நூல் சுற்றிக் கொடுத்தது, பால் வாங்கி வந்தது, எல்லாம் புகைபோக்கி வழியாக உள்ளே போயிற்று. மூக்குக்கு அருகில் நீலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் கூட்டிப் பார்ப்பதைப் பார்த்தால், புத்தகத்தை முகர்கிறாளா படிக்கிறாளா என்று சந்தேகம் வரும்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் அவரைக் கூப்பிட்டு ஒரு பெரிய புதுப் பையைக் கொடுத்தார்.

"இந்த மாசம் சீக்கிரம் முடிச்சிடுப்பா. வெள்ளிக்குள்ள ஒன்பது தெருவும்."

"பதினோராந்தேதிதானே சார் ஆகுது?"

"மேல இருந்து ஆய்வு வர்றாங்க. காசு நிறைய இருக்கிற தெருவை முதல்ல பாரு."

பத்தொன்பது வருஷத்தில் சாவி மாமா கேட்டது அந்த ஒரு கேள்விதான். பதில் வந்துவிட்டது, கிளம்பிவிட்டார். காசு நிறைய உள்ள தெருக்கள் எட்டும் முதலில், பட்டன் தெரு கடைசியில் என்று வரிசை போட்டுக்கொண்டார்.

எட்டாம் தெருவில் அந்தப் பெண் உண்டியலை மடியில் அணைத்துக்கொண்டாள்.

"மாசக் கடைசியிலதானே திறப்பீங்க?"

"இந்தத் தடவை முன்னாலயே. ஏன், என்னை நம்பலையா?"

"உங்களை நம்புறேன் மாமா. தேதியைத்தான் நம்பல."

"தேதிக்கும் சேர்த்து நான் ஜாமீன். குடு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அம்மாவும் சிரித்தாள். பெண் கொடுத்தாள். அவர் எண்ணினார். இன்னும் முப்பத்தொரு காசு போட்டால் கண்ணாடி வாங்கிவிடலாம் என்று கணக்கு வந்தது. அடுத்த மாதமே ஆகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன் சாயங்காலம் எட்டுத் தெருப் பணத்தையும் அலுவலகத்தில் சேர்த்தார். வெள்ளி காலை அலுவலகக் கதவில் 'மூடப்பட்டது' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேனேஜர் இல்லை, பணமும் இல்லை. தாள் மட்டும் நேராக, நான்கு மூலையிலும் பசை வைத்து, சுத்தமாக ஒட்டப்பட்டிருந்தது. நீலப் புத்தகங்களோடு வந்த கூட்டம் தாளைப் படித்தது, பிறகு அவருடைய இடுப்பைப் பார்த்தது. வளையத்தைக் கையால் பொத்திக்கொண்டார். அப்படியும் கிலுங்கியது.

"நீயும் கூட்டுதானே?" என்றார் ஒருவர்.

வளையத்தைப் பொத்திய தன் கையைப் பார்த்தார். காசை எடுத்தது வேறு யாருடைய கை?

செவ்வாய்க்கிழமை காலை, மூடிய அலுவலகத்தின் கணக்கை முடிக்க வந்த அதிகாரி அவருடைய வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷர்தான், தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"உண்டியல் எல்லாம் அலுவலகச் சொத்து. உள்ள இருக்கிறதும்தான். ஒன்பதாம் தெரு இன்னும் திறக்கலையாமே?"

"இல்லைங்க."

"நாலு மணிக்கு வர்றேன். எல்லாத்தையும் ஒரே இடத்துல கொண்டு வரச் சொல்லுங்க. நீங்களே திறந்து குடுத்துட்டு, சாவியை ஒப்படைச்சிடுங்க."

"எடுத்து யாருக்குக் குடுப்பீங்க?"

"அலுவலகத்துக்குக் கடன் குடுத்த கம்பெனிகளுக்கு. அவங்கதான் வரிசையில முன்னால."

அதிகாரி போனதும் மனைவி சொன்னாள், "உள்ள போட்டுடுவாங்க. பாத்துச் செய்யுங்க." வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அவர் செருப்பை மாட்டினார்.

ஒன்பதாம் தெருவில் வளையம் கிலுங்கியபோது ஒரு பிள்ளைகூட ஓடி வரவில்லை. கதவுகள்தான் மூடின. அவர் நடுத்தெருவில் நின்று, "எடுக்க வரலடா, திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்" என்று சொன்னார். முதலில் வண்டுக்கு ரசீது வாங்கியவன் எட்டிப் பார்த்தான். மதியத்துக்குள் இருபத்தாறு உண்டியலும் திறந்தாயிற்று. காசு அவரவர் கைக்குப் போயிற்று. ஆச்சரியம், கொஞ்சம் காசும் இருக்கத்தான் செய்தது. தையல்காரர் எதுவும் கேட்காமல் ஒரு டப்பா நிறையப் பட்டன் கொண்டு வந்து வைத்தார்.

நாலு மணிக்கு அதிகாரி முன்னால் உண்டியல் ஒவ்வொன்றாகத் திறந்தது. சட்டைப் பட்டன், கோட்டுப் பட்டன், நாலு ஓட்டை, ரெண்டு ஓட்டை.

"எல்லாமே பட்டனா?"

"ஏமாத்துற பசங்க சார். பத்தொன்பது வருஷமா இதே கதை."

"ஆமா சார், நாங்க ரொம்ப மோசம்" என்றான் ரசீதுக்காரன்.

அதிகாரி ஒரு பட்டனைப் பார்த்தார், சாவி மாமாவைப் பார்த்தார். பிறகு, 'பட்டன்' என்று எழுதிக்கொண்டார். சாவி மாமாவுக்குக் கடைசி மாதச் சம்பளம் இல்லை என்பதையும் எழுதிக்கொண்டார். சாவி வளையம் அதிகாரியின் பெட்டிக்குள் போயிற்று. காலி உண்டியல்கள் எல்லாத் தெருவிலும் பிள்ளைகளிடமே தங்கிவிட்டன, தகரம்தானே.

மறுநாள் சாவி மாமா எட்டாம் தெருவுக்குப் போனார். போயிருக்க வேண்டாம், ஆனால் போனார். செய்தி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பெண் திட்டவில்லை, அழவில்லை. அவருடைய முகம் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கேட்டாள்.

"அவங்க பட்டன் போட்டவங்க. நாங்க காசு போட்டோம். எங்ககிட்ட ஏன் முதல்ல வந்தீங்க?"

காசு இருந்ததால்தான் முதலில் வந்தார். அதை ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

அப்புறம் அவர் கிடங்கில் மூட்டை தூக்கினார். இடுப்பில் ஒன்றும் கிலுங்காததால் வீட்டுக்குள் வருவதே மனைவிக்குத் தெரியாது. வாரக் கூலி வாங்கியதும் எட்டாம் தெரு வழியாகப் போவார். சன்னல் ஓரம் அந்தத் தகர வீடு இருக்கும். புகைபோக்கியில் ஒரு காசு போடுவார். பெண் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர் போன பிறகு இன்னொரு தடவை 'டங்' என்று கேட்கும். அவளும் தன் பங்குக்குப் போடுகிறாள் என்று நினைத்து, கனத்த முதுகோடு கொஞ்சம் லேசாக நடப்பார்.

பதினான்கு மாதம் ஆயிற்று. அவள் கணக்கில் தோற்று, ஐந்தாவதையே மறுபடியும் படித்தாள். துளை வரை நிறைந்துவிட்டது, ஆனால் திறக்கச் சாவி இல்லை. யாராலும் திறக்க முடியாது என்று அவர் மார்தட்டிய வீட்டை, தகரம் வெட்டும் கத்தரியால் இஸ்திரி மேசை மேல் வைத்து அவரே வெட்டினார். சிவப்புக் கூரை சுருண்டு வந்தது.

உள்ளே ஒரு காசு, ஒரு பட்டன், ஒரு காசு, ஒரு பட்டன். அவர் காசு போட்ட ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு பட்டன் போட்டிருந்தாள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பழைய வழக்கப்படி பட்டன்களை முதலில் ஒதுக்கி, ஒவ்வொன்றாக எண்ணி, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"பட்டன் அறுபது. சரியாப் பாத்துக்க."

அவள் அவற்றை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், விரலால் தடவித் தடவி மறுபடியும் எண்ணினாள். சரியாக இருந்தது. பிறகு காசுக்குக் கையை நீட்டினாள். அதையும் அவளே எண்ணினாள். இடையில் விலை ஏறியிருந்தது. வில்லைக்குத்தான் ஆகும், சட்டத்துக்கு ஆகாது.

"இன்னும் ஒரு தடவை எண்ணிக்கிறேன்" என்றாள்.

அவள் எண்ணி முடிக்கும் வரை, தகரத்தில் வெட்டுப்பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு அவர் நின்றார்.