கேசட் கடையில் சொன்ன காதல் கதைகள்

எனக்குக் காதல் படங்கள் பிடிக்காது. கீழக்கரையில் வேலை பார்த்த ஒன்பது வருடமும் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

எண்பதுகளின் நடுவில் அங்கே ஒரு வீடியோ கேசட் கடையில் சேர்ந்தேன். எனக்கு ஊர் முதுகுளத்தூருக்குத் தெற்கே ஒரு கிராமம். கொஞ்சம் மிளகாய்க் காடு இருந்தது. வானம் பார்த்த பூமி. அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்ததும் காட்டைத் தம்பியிடமும் மனைவியிடமும் விட்டுவிட்டு வேலை தேடி வந்தேன். அப்போது எனக்கு முப்பது வயது. கல்யாணமாகி நான்கு வருடம்.

கீழக்கரையில் பல வீடுகளில் ஆண்கள் துபாயிலோ சவூதியிலோ இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன வீடியோ டெக் வீட்டில் இருந்தது. பெண்கள் தியேட்டருக்குப் போவதில்லை. அதனால் நான் சைக்கிளில் பை நிறையக் கேசட்டுகளை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவேன். பார்த்து முடித்ததை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் திரை தொங்கும். திரைக்குள்ளிருந்து கை மட்டும் வரும்.

கேசட்டைக் கொடுப்பது சுலபம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். "அடுத்து என்ன காதல் படம் வருது? எப்பிடி இருக்கும்?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள். வராத படத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? ஆனால் சொன்னேன். பாட்டுக் கேசட் படத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே வந்துவிடும். அதைக் கேட்டும், வாரப் பத்திரிகையில் வரும் படங்களைப் பார்த்தும் ஒரு கணக்குப் போடுவேன். ஒரே சோகப் பாட்டு ஆண் குரலில் ஒரு தடவையும் பெண் குரலில் ஒரு தடவையும் வந்தால், இடைவேளையில் பிரிந்து கடைசியில் சேருவார்கள். ஆண் குரலில் மட்டும் வந்தால் சந்தேகம்தான். பத்திரிகைப் படத்தில் கதாநாயகன் தாடி வைத்துச் சால்வை போர்த்தியிருந்தால் கேட்கவே வேண்டாம். பெண்ணின் அப்பா வீட்டு மாடிப்படி பெரிதாக இருந்தால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பெரும்பாலும் சரியாகவே வந்தது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "ஒன் வாய்க்குத்தான்பா கேசட்டு போகுது" என்பார். எனக்கோ நாள் முழுக்க அதையே பேசிப் பேசி, சாயங்காலம் டீக்கடையில் ஒரு டீ கேட்கக்கூட வாய் வராது.

நடுத்தெருவில் ஒரு வீடு. அங்கே பேசுகிற பெண்ணுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும் என்று குரலை வைத்து நினைத்தேன். அந்தப் பக்கம் அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கணவர் துபாயில். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற வீடுகளில் பாட்டு நல்லா இருக்கா, யாரு நடிச்சிருக்கா என்று பத்துக் கேள்வி வரும். ராத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"முடிவுல சேருறாங்களா தம்பி?"

சேருகிறார்கள் என்றால் கை வெளியே வரும். இல்லையென்றால் வராது.

ஒருமுறை, ஊரே பேசிக்கொண்டிருந்த ஒரு சோகப் படத்தைக் கொண்டுபோனேன். "நல்ல படம் ராத்தா. எல்லாரும் அழுவுறாங்க" என்றேன்.

"பிரிஞ்சி இருக்குறத மூணு மணி நேரம் ஒக்காந்து பாக்கணுமா? அதுதான் வீட்லயே இருக்கே. நீங்க வேற குடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை கடை விடுமுறை. வியாழன் சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்குப் போய், மறுநாள் சாயங்காலம் திரும்பிவிடுவேன். ஒருமுறை மூன்று வாரம் போகவில்லை. பெருநாள் சமயம், கேசட் கேட்டுக் கடையில் கூட்டம். நாலாவது வாரம், ஒரு காலையில் நான் கடையில் நின்று, வரப்போகிற ஒரு படத்தைப் பற்றி இரண்டு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ரயிலடியில் எப்படிக் காத்திருப்பாள், அவன் எந்தப் பெட்டியிலிருந்து இறங்குவான் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். எல்லாம் நானாகக் கட்டியது. அவர்கள் போன பிறகு பார்த்தால், வாசல் ஓரமாக மஞ்சள் பையோடு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"எப்ப வந்த?"

"வந்து ரொம்ப நேரமாச்சு. பேச்சக் கெடுக்க வேணாமுன்டு நின்டேன்." அவள் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இம்புட்டுப் பேசுவீகளா நீங்க?"

பையில் புளிச்சோறும் வறுத்த மோர் மிளகாயும் இருந்தன. கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். "அந்த ரயிலடிப் படத்தச் சொல்லுங்களேன்" என்றாள்.

"ஒரு பையன், ஒரு பொண்ணு. கடைசில சேந்துருவாக."

"எப்புடிச் சேருவாக?"

"எப்புடியோ சேருவாக. விடு."

அவள் விட்டுவிட்டாள். நான் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டேன். வத்தல் நெடியில் அவள் இருமுவது கேட்டது. எழுந்து இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அலுப்பு.

அந்த ரயிலடிப் படத்துக்கு ஊரெல்லாம் எதிர்பார்ப்பு. சோகப் பாட்டு இரண்டு குரலிலும் இருந்தது. தாடி இல்லை, சால்வை இல்லை. அதனால் "கண்டிப்பாச் சேருறாங்க ராத்தா, நான் பொறுப்பு" என்று ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தேன். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த கேசட் கடைக்கு வந்ததும், நான் பார்க்காமலேயே முதலில் அவர் வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். அவருடைய நாத்தனார்களும் பக்கத்து வீட்டுப் பெண்களும் பார்ப்பதற்காக வந்திருந்தார்கள். உள்ளே ஒரே சிரிப்புச் சத்தம்.

மறுநாள் காலை போனேன். கேசட் திரைக்கு வெளியே தயாராக நீண்டிருந்தது.

"ரெண்டு பேருமே செத்துப் போறாங்க தம்பி" என்றார்.

"மன்னிச்சுக்கங்க ராத்தா. நான் பாக்கல."

"நேத்துக் காலையிலதான் அவுக கடுதாசி வந்துச்சு. இந்த வருசம் லீவு இல்லையாம். அடுத்த வருசம் இன்ஷா அல்லாஹ் வாரேன்டு எழுதியிருக்காக. சரி, சேருற படமாவது பாப்போம்டு எல்லாரையும் கூப்பிட்டு ஒக்காந்தேன்." குரல் தடுமாறவில்லை. "ஒங்க மேல கோவமில்ல. மொதல்லயே தெரிஞ்சிருந்தா மனசத் தேத்தி வச்சிருப்பேன். அம்புட்டுத்தான்."

அன்று மற்ற தெருக்களுக்கு நான் போகவில்லை. பையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். ஒன்றும் தெரியாமலேயே வீடு வீடாகப் போய் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை இதை மனைவியிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை; யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவள் காம்பு கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"பாவம் அந்த அம்மா. பாக்காமலேயா சொன்னீக?"

"ஆமா."

"அப்ப ஒரு படத்தப் பாத்துட்டுச் சொல்லுங்க. என்னையும் கூட்டிட்டுப் போங்க."

அடுத்த வெள்ளி இராமநாதபுரம் போனோம். புதிதாக வந்திருந்த ஒரு காதல் படம். மதியக் காட்சி. விடிவதற்கு முன்பே எழுந்து ஆடுகளுக்கு இலை குழை வெட்டிப் போட்டு, இரண்டு குடம் தண்ணீருக்கு ஒரு மைல் நடந்து, சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பியவள். மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்ததில் அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இடைவேளை மணியில் கண்ணைத் திறந்து, "சேந்துட்டாகளா?" என்றாள்.

"இன்னும் இல்ல. நீ தூங்கு."

தூங்கினாள். நான் ஒருவன் மட்டும் கடைசி வரை பார்த்தேன். தோள் மரத்துப்போனது. படத்தில் அவர்கள் சேரவில்லை. அவன் கப்பலேறிப் போகிறான். அவள் கரையில் நிற்கிறாள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. வெயில் தணிந்திருந்தது. "எல்லாத்தையும் விட்டுட்டேன். சொல்லுங்க" என்றாள். சொன்னேன். முதலிலிருந்து, எதையும் கூட்டாமல், பார்த்ததை அப்படியே. கருவேலங்காடு இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் கூட நின்று கொஞ்சம் கேட்டுவிட்டுப் போனார். அவள் கரையில் நின்றாள், படம் முடிந்தது என்று நிறுத்தினேன்.

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான்."

"மறுநா அவ எந்திரிச்சு என்ன செஞ்சான்டு காட்டலியா?"

"இல்ல."

"அதத்தானே காட்டணும்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், என்னைப் பார்க்காமலே கேட்டாள். "நானும் அங்கன வந்துரட்டா?"

"காடு?"

"ஒங்க தம்பி பாத்துக்கிருவாரு. மழையே பெய்யாத காட்டுக்கு எத்தன பேரு காவலு?"

ஒரு மாதம் கழித்து வந்தாள். கீழக்கரையில் ஒரு அறை பிடித்தோம். அவளுக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. காலையில் நல்ல தண்ணீருக்கு வரிசையில் நின்றுவிட்டு ராத்தா வீட்டுக்கு வேலைக்குப் போவாள். மசாலா அரைப்பதும் மாவு இடிப்பதும். நான் வருடக்கணக்கில் பேசியும் முகம் பார்க்காத ஒருவரோடு அவள் தினமும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"ராத்தா எப்படி இருப்பாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

யோசித்துச் சொன்னாள். "நம்மள மாதிரித்தான். ஒறக்கம் பத்தாத மூஞ்சி."

அதற்குப் பிறகு வரப்போகும் படங்களைப் பற்றி யார் கேட்டாலும், "வந்ததும் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். முதலாளி முணுமுணுத்தார். ராத்தா மட்டும் காத்திருந்து வாங்கினார். அடுத்த வருடம் அவர் கணவர் சொன்னபடி வந்தார். மெலிந்த, நரைத்த மனிதர். தானே கடைக்கு வந்து அலமாரியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல சண்டப் படமா ஒண்ணு குடுங்க" என்றார். கொடுத்தேன். அன்று மத்தியானம் ராத்தாவும் அவரோடு உட்கார்ந்து அந்தச் சண்டையை முழுக்கப் பார்த்தார் என்று மனைவி வந்து சொன்னாள். இரண்டு மாதம் இருந்துவிட்டு அவர் திரும்பிப் போனார்.

தொண்ணூறுகளில் தெருத்தெருவாகக் கேபிள் டிவி ஒயர் வந்தது; கேசட் கேட்க ஆளில்லை. கடையை மூடுகிற அன்று முதலாளி, பிடித்த கேசட்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் ஒன்றையும் எடுக்கவில்லை. அறையைக் காலி செய்து, பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றோம். அந்த வருடம் ஊரில் ஓரளவு மழை என்று தம்பி எழுதியிருந்தான். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. மூட்டைகளைக் காலுக்கிடையே வைத்துக்கொண்டு, ஒரே கம்பியைப் பிடித்தபடி இரண்டு பேரும் ஊர் வரை நின்றுகொண்டே போனோம்.